பழைய ஆட்டோவும் அம்மாவின் ஈபிஎப் காசும்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாராவது பழைய ஆட்டோ வாங்கும் யோசனையில் இருந்தால் அவர்களுக்காவது வாசித்துக் காட்டுங்கள்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் ஹட்டன் டவுனில் இருந்து தினமும் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போய் வருகிறோம். பஸ் சந்தி வரைக்கும்தான். அதற்கு மேல் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை. மழைக் காலத்தில் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. ஆறு வருடமாக எங்களை ஏற்றி இறக்குகிறவர் எங்களிடமே ஓ.எல். வரை படித்த பையன். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறோம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிந்திவிடாமல் எங்களைப் பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிடுவதும் அவர்தான். 2022இல் கியூ.ஆர். வந்த புதிதில் ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தானே. அந்த ஐந்து லீற்றரையும் எங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பிடித்துப் பிடித்து ஓட்டியவர். இறங்கும்போது நாங்கள் நடந்துகொள்வோம், ஏறும்போது மட்டும் வண்டி.

அவர் இதுவரை ஓட்டியது சொந்த ஆட்டோ அல்ல. ஹயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாலையில் உரிமையாளருக்கு நாள் வாடகை வைக்க வேண்டும். 2024 கடைசியில் அந்த உரிமையாளர் வண்டியை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அதே நேரம் தம்பியின் அம்மாவுக்கு ஈபிஎப் காசு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஐம்பது வயதானதும் பேர் வெட்டிக்கொண்டார். நாட்சம்பளம் 1350 ஆனது அந்த வருடம் செப்டெம்பரில். கூடிய சம்பளத்தை எத்தனை நாள் வாங்கினாரோ தெரியாது. வந்த தொகை எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது இரண்டாவது தடவை வராத காசு.

"சேர், நீங்களும் வந்து பாருங்க. அம்மாதான் கேக்கச் சொன்னாங்க" என்றார் தம்பி. எங்களுக்கு ஆட்டோவைப் பற்றி என்ன தெரியும்? பின் சீட்டில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்த அளவு தெரியும். அதனால் டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டோம்.

முதலில் ஒரு கேள்வி வந்தது. கொஞ்சம் பொறுத்தால் என்ன? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய ஆட்டோக்களின் விலை ஏறிக்கொண்டே போனது. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு, புதிதாக இருந்தபோது கொடுத்ததை விடக் கூடுதலாகக் கேட்டார்கள். திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு. (2025 பெப்ரவரியில் திறந்தார்கள், வரியோடுதான்.) தம்பியின் மாமா பொறுக்கச் சொன்னார். நாங்கள் கணக்குப் போட்டோம். பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் வேறொரு வண்டிக்கு நாள் வாடகை போகும், அல்லது வீட்டில் சும்மா இருந்து ஈபிஎப் காசில் சாப்பிட வேண்டும். பொறுப்பதற்கும் காசு வேண்டும்.

மூன்று வண்டி பார்த்தோம்.

முதலாவது நுவரெலியாவில். தம்பி போனில் படத்தைப் பார்த்தே மனதைக் கொடுத்துவிட்டார். புதுப் பெயின்ற், உள்ளே நீல லைட், பின்னால் இரண்டு ஸ்பீக்கர், சீட் கவரில் கூட மினுக்கம். ஏப்ரல் சீசனுக்கும் சிவனொளிபாதமலைச் சீசனுக்கும் டூரிஸ்ட் ஹயர் ஓடலாம் என்பது அவருடைய திட்டம். அது பிழையான திட்டமும் இல்லை. டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரைக்கும் ஹட்டனில் இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நல்லதண்ணிக்குப் போக முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு நம்முடைய மலையைச் சுற்றும் காலம் இது. ஆட்டோ என்றால் இப்போது டூரும்தான்.

ஆனால் பாஸ் லைட்டையும் ஸ்பீக்கரையும் பார்க்கவே இல்லை. கால் மிதிக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "கடல் பக்கம் ஓடின வண்டி" என்றார். விற்பவரும் மறுக்கவில்லை. பிறகு புத்தகத்தைக் கேட்டோம். சீஆர் புத்தகத்தில் இருந்த பெயர் அவருடையது அல்ல. அவருக்கு விற்றவருடையதும் அல்ல. மூன்று கை மாறி, எல்லாம் ஓப்பன் பேப்பரிலேயே வந்திருக்கிறது. அதற்கு மேல் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர். "அதெல்லாம் கட்டி முடிஞ்சது, கடிதம் எடுக்கிறதுதான் பாக்கி" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் இன்ஜின் இலக்கம், தயாரித்த வருடம், முழு உரிமையாளர் யார் என்பதெல்லாம் தெரியும். கையில் போன் இருக்கிற பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். நாங்கள் அங்கேயே பார்த்தோம், கம்பனியின் பெயர் அப்படியே இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் காசை முழுதாகக் கொடுத்து வாங்கியது. நான்காம் மாதம் சந்தியில் வைத்து வண்டியை சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். கடன் இவர்கள் எடுத்தது அல்ல, கட்டாமல் விட்டதும் இவர்கள் அல்ல. ஆனால் வண்டி போனது இவர்களுடையது.

தம்பி திரும்பி வரும் வழியில் நானுஓயா தாண்டும் வரைக்கும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "மீதிக்கு நாங்களே லீசிங் போட்டு நல்லதா ஒண்ணு எடுத்தா என்ன சேர்?" என்று கேட்டார். எங்களில் இருவருக்கு வட்டி மார்க்கத்தில் ஆகாத விசயம். அதை அவர் மேல் சுமத்தவில்லை. மாதத் தவணை, இன்சூரன்ஸ், புகைச் சேர்ட்டிபிகேட், வரிப்பத்திரம், டயர் எல்லாவற்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, மறுபக்கத்தில் மழை மாதத்து ஹயரை எழுதச் சொன்னோம். அவரே எழுதினார். எழுதிவிட்டுத் தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கொட்டகலையில். டூ ஸ்ட்ரோக். விலை மற்ற எல்லாவற்றையும் விட எவ்வளவோ குறைவு. அம்மாவின் காசில் பாதிக்கு மேல் மிஞ்சும். டூ ஸ்ட்ரோக் இறக்குமதி 2008 அளவிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுகிற எந்த டூ ஸ்ட்ரோக்கும் பதினைந்து வயதுக்குக் குறையாது. இருந்தும் நம்முடைய பக்கத்தில் அதற்கு இன்னும் மரியாதை உண்டு. சாமான் குறைவு, கழற்றிப் பூட்டுவது சுலபம், தோட்டத்துப் பையன்களே லயத்து வாசலில் வைத்து இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். மூன்று பேரும் ஏறிக் கொட்டகலை ஏற்றத்தில் பார்த்தோம். இழுத்தது. நன்றாகவே இழுத்தது. எங்கள் விஞ்ஞான சேர் விலையைக் கேட்டுவிட்டு இதையே எடுக்கலாம் என்றார்.

திரும்பி இறங்கும்போதுதான் பாஸ் ஒரு பாடம் நடத்தினார். நாங்கள் இவ்வளவு காலம் ஆட்டோவில் போயும் இதை யோசித்ததில்லை. ஏற்றத்துக்கு எல்லோரும் வண்டி பார்க்கிறார்கள், இறக்கத்துக்கு யாரும் பார்ப்பதில்லை என்றார். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சின்னக் கியரில் போட்டு எக்ஸிலேற்றரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு, முழுப் பாரமும் பிரேக்கில்தான். மற்றது, டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் இன்ஜினுக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் எக்ஸிலேற்றரை மூடிவைத்தால் பெற்றோலும் குறையும், ஒயிலும் குறையும். இன்ஜின் வேகமாகச் சுழன்றுகொண்டே காய்ந்துபோகும். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிச் சொல்லும்போது பாஸ் வேறு பாசை பேசினார், அதை இங்கே எழுத முடியாது.

ஆட்டோவின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1948இல் இத்தாலியில் பியாஜியோ கம்பனி வெஸ்பா ஸ்கூட்டரின் பின்னால் இன்னொரு சக்கரத்தைச் சேர்த்து 'ஆப்பே' என்ற வண்டியைச் செய்தது. தேனீ என்று அர்த்தமாம். நம்முடைய பஜாஜ் அந்தப் பரம்பரைதான். கைப்பிடியைப் பாருங்கள், கியரை முறுக்குவதைப் பாருங்கள், மூன்று சக்கரத்து மோட்டார் சைக்கிள். இன்ஜின் பின்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். அதனால் ஈரமான ஏற்றத்தில் பின் சக்கரம் நிலத்தைக் கவ்விக்கொள்ளும். ஆனால் இறக்கத்தில், அதுவும் வளைவில் பிரேக்கை மிதித்தால், எடை எல்லாம் அந்த ஒற்றை முன் சக்கரத்தில் வந்து விழும். முன் மூலையில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. வண்டி சாய்வது அந்தப் பக்கம்தான். மூன்று பேர் ஏற வேண்டிய ஆட்டோவில் ஏழெட்டுப் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு காலையில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எங்கள் வயிறு பற்றுவதற்குக் காரணம் இப்போது எங்களுக்கே சரியாகத் தெரிகிறது. பெற்றோர் இதை வாசிக்கிறீர்கள் என்றால், நாளைக்குக் காலையில் எண்ணிப் பாருங்கள்.

கொட்டகலை வண்டியில் பிரேக்கும் பலவீனம். அதை மாற்றலாம். இன்ஜினின் குணத்தை மாற்ற முடியாது. விஞ்ஞான சேர் தன் வாக்கை வாபஸ் வாங்கினார்.

மூன்றாவது பொகவந்தலாவையில். பஜாஜ் ஃபோர் ஸ்ட்ரோக், சிவப்பு வெயிலில் வெளிறி ஒருவித ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. சீட் கிழிந்து பிளாஸ்ரிக் நாடாவால் ஒட்டியிருந்தார்கள். தம்பியின் முகம் விழுந்துவிட்டது. வைத்திருந்தவர் தோட்டத்து ஒபிசில் இருந்து ஓய்வு பெற்ற கிளார்க். முதலாவது உரிமையாளரும் அவரே, புத்தகத்தில் இருந்த பெயரும் அவரே, அடையாள அட்டையில் இருந்ததும் அதே பெயர். சாரதிக்குக் கொடுத்து ஓட்டியதில்லையாம். ஒயில் மாற்றிய திகதிகளைச் சின்னக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். செக்ரோல் எழுதிய கை, கோடு போட்டு அழகாக எழுதியிருந்தது.

பாஸ் முதல் நாளே அவருக்குப் போன் பண்ணி, நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ணாமல் வைக்கச் சொல்லியிருந்தார். சூடான இன்ஜின் எல்லோருக்கும் நல்ல பிள்ளை, குளிரில்தான் உண்மை தெரியும் என்பது அவர் வாதம். காலை ஏழு மணிப் பனியில் இரண்டாவது அடியில் பிடித்தது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலமாகப் புகைத்தால் ரிங் தேய்ந்து ஒயில் எரிகிறது என்று அர்த்தம். சசி இலக்கத்தைத் துடைத்துப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். பிறகு அந்த மனிதரைக் கேட்டுக்கொண்டு எங்களுடைய தோட்டப் பாதைக்கே கொண்டுபோனோம். மூவரும் பின்னால் ஏறினோம், எங்கள் கணித டீச்சர் பிள்ளைகளின் கொப்பிக் கட்டையும் மடியில் வைத்துக்கொண்டார். பாரம் குறையக் கூடாதாம். மேல் டிவிசன் வளைவில் நடு ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, திரும்ப எடுக்கச் சொன்னார் பாஸ். கொஞ்சம் முனகியது, பிறகு எடுத்தது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு, பிரேக் மிதியில் இருந்து காலைத் தூக்கிக் காட்டினார் தம்பி. வண்டி ஓடிப்போகவில்லை, முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

விலையில் ஒரு கை பார்த்தது அம்மாதான். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளட்ச் பிளேட், இரண்டு டயர், சீட் எல்லாவற்றையும் பாஸ் சொல்லச் சொல்ல மனதில் வைத்துக்கொண்டிருந்து, கடைசியில் ஒவ்வொன்றாகக் கழித்தார். கிளார்க் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

ஒரே ஒரு விசயத்தில்தான் எங்களுக்கும் தம்பிக்கும் சின்ன மனத்தாங்கல். வண்டியை அம்மாவின் பெயரில் மாற்ற வேண்டும் என்று சொன்னோம். "ஓட்டப் போறது நான்தானே சேர், நாளைக்கு லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் அவங்களை இழுத்துக்கிட்டு திரியணுமே" என்றார். அது நியாயமில்லாத பேச்சு அல்ல. ஒரு நாள் முழுக்க எங்களோடு அளந்து பேசினார். மறுநாள் காலை சந்தியில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, "அம்மா பேர்லயே போடுவோம் சேர்" என்றார். வீட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் கையெழுத்தை அன்றே வாங்கி, ஓப்பன் பேப்பராக ஒரு கிழமை கூட வைக்காமல் கொடுத்தோம்.

இப்போது பின் கண்ணாடியில் ஒரு சின்ன நீல லைட் மட்டும் பூட்டியிருக்கிறார். சீட் புதிது. போன சீசனில் நல்லதண்ணிக்கும் ஓடினார். காலை ஹயர் எங்களுடையதுதான், அதை யாருக்கும் கொடுப்பதில்லை.

புத்தகம் பெயர் மாறி வந்த அன்று பாடசாலை விட்டதும் எங்களை லயத்துக்குக் கூட்டிப்போனார். கோயிலில் பூசை வைத்து எலுமிச்சம்பழம் நசித்திருந்தார்கள், எங்களுக்குப் பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தது. அம்மா புத்தகத்தை ஒரு பொலித்தீன் பையில் இருந்து எடுத்து எங்கள் டீச்சரிடம் நீட்டினார். அதில் இருப்பது இங்கிலீசு. "எந்த எடத்துல டீச்சர் என் பேரு?" என்று கேட்டார். டீச்சர் தொட்டுக் காட்டினார். அம்மா அந்த இடத்தில் விரலை வைத்து, எடுத்து, திரும்பவும் வைத்துப் பார்த்தார். பிறகு பையில் போட்டுச் சுற்றி, ஈபிஎப் கடிதம் இருந்த அதே தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, "டீ ஆறிப் போகுது, குடிங்க சேர்" என்றார்.