பாத்திரம் அறிந்து

திருகோணமலையில் உட்துறைமுகத்தை அண்டி வாழ்பவர்க்குச் சித்திரை வெயிலைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடல் அருகிலிருந்தும் காற்று வர மறுக்கும் நண்பகலில், இஞ்சிச் சுவையுடன் நுரைக்கும் பானம் ஒன்று வீட்டிலேயே இருந்தால் நன்றன்றோ என்னும் ஆசை எமக்கு எழுந்தது. கடையில் போத்தலில் விற்கும் ஜிஞ்சர் பியரைப் போன்றதொன்றை நாமே ஆக்கிப் பார்ப்போம் எனத் துணிந்தோம். அந்தத் துணிவு எம்மைத் தலைகுனிய வைத்த கதையையே இங்கே கூறப் போகிறோம்.

முதலில் வேண்டியது பாத்திரம். எம் பாட்டி காலத்தவர் ஊறுகாய்க்கும் காடிக்கும் பீங்கான் சாடியையே நம்பினர். இன்று சாடியின் விலையைக் கேட்டால் தாகம் தானே அடங்கிவிடும்! ஆகவே பேக்கரி ஒன்றுக்கு மார்ஜரின் அடைத்து வந்த, மூடியுடன் கூடிய வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிகள் இரண்டைச் சொற்ப விலைக்கு வாங்கினோம்.

மலிவென்று எந்த வாளியையும் எடுத்துவிடல் ஆகாது. அடியில் முக்கோணத்துள் 2 என்னும் எண் இருப்பின் அது அடர்த்தி மிகுந்த பொலித்தீன். 5 இருப்பின் பொலிப்புரொப்பிலீன். உணவை அடைக்க இவ்விரண்டும் பெரிதும் பயன்படுகின்றன. எனினும் எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே கூறும். முன்னர் அதில் என்ன இருந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும். வர்ணப்பூச்சு வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு உதவாது.

கழுவுவதிலும் ஒரு பாடம் கற்றோம். முதல் வாளியைத் தேங்காய்த் தும்பும் மணலும் இட்டு வெண்கலப் பானையைப் போல் தேய்த்தோம். பிளாஸ்டிக் மென்மையானது, அதன் கீறல்களுள் கிருமிகள் குடிபுகுந்தால் எளிதில் வெளியேறா. அந்த வாளியிற் செய்தது இருமுறையும் புளித்து வீணாயிற்று. இரண்டாவது வாளியை மென்துணியால் மட்டுமே துடைத்தோம்.

ஐந்து லீற்றர் நீரில் அரைக் கிலோ சீனியும் இடித்த இஞ்சியும் இட்டுக் கொதிக்க வைத்து, நன்கு ஆறிய பின் வாளியில் ஊற்றித் தேசிக்காய்ச் சாறு சேர்த்தோம். பாண் சுடுவோர் ஈஸ்ட் என்று வழங்கும் மதுவத்தில் ஒரு சிட்டிகை தூவினோம். மூடியில் துளையிட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையை நீர் நிறைந்த போத்தலில் அமிழ்த்தினோம். உள்ளே தோன்றும் வாயு வெளியேறும். வெளிக்காற்றும் பூச்சியும் உள்ளே புகா. எமது ஊர் வெப்பத்தில் மாலைக்குள்ளேயே போத்தலில் குமிழிகள் எழத் தொடங்கின.

மாணவர்க்கு ஒரு செய்தி. கோப்பிச் செடியை அழித்த இலைநோயை ஆராய 1880 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கில அறிஞர், 1882 வரை இங்கே பணியாற்றினார். அவரே பின்னாளில் இங்கிலாந்தில் இஞ்சிப் பானத்தை நுரைக்கச் செய்யும் உறையை ஆராய்ந்து, அது ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் கூட்டுக்குடித்தனம் என்று 1892 இல் வெளியிட்டார். மதுவம் சீனியை உண்டு, ஏறத்தாழச் சரிபாதியைக் காபனீரொட்சைட்டாகவும் மறுபாதியை மதுசாரமாகவும் மாற்றுகிறது. நுரையைக் கண்டு மகிழ்ந்த நாம், அந்த மறுபாதியைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

அதை எமக்கு நினைவூட்டியவர் அயல்வீட்டுப் பெண்மணி. உப்புக் கடன் கேட்டு வந்தவர் அடுக்களை வாயிலிலேயே நின்றுவிட்டார். குமிழியின் ஓசை கேட்டு அவர் முகம் வெளிறியது.

"அக்கா, இதென்ன, கோடாவோ?" என்று எம் இல்லாளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

கோடா என்பது கசிப்புக் காய்ச்சுவோர் சீனியும் மதுவமும் சேர்த்து ஊறவைக்கும் கலவை. கசிப்பினாலேயே அவர் தம் கணவரை இழந்தவர். "இல்லைப் பிள்ளை, இஞ்சித் தண்ணி" என்று இல்லாள் கூறியும், உப்பை வாங்காமலே அவர் போய்விட்டார்.

எமக்குச் சினமே முதலில் வந்தது. பின்னர் அமர்ந்து கணக்கிட்டோம். அதே வாளி, அதே சீனி, அதே மதுவம். நாம் இட்ட சீனி முழுவதும் நொதித்தால் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து ஆறு வரை ஏறும். அது பியரின் அளவு. உரிமமின்றி மது ஆக்குவதை 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஒரே நாளில் வடித்துக் குளிரூட்டினால் மதுசாரம் சிறிதளவே இருக்கும் என்று எம்மை நாமே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறிதளவையும் எம் வீட்டுக் குழந்தைகளுக்கன்றோ ஊற்றிக் கொடுக்க இருந்தோம்! அதை ஐயுற்றுக் கேட்கும் உரிமை, அதனால் அழிந்த குடும்பத்தவர்க்கு இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

அன்றே வாளியைக் கவிழ்த்தோம். மறுநாள் இஞ்சியும் தேசிக்காயும் சீனியும் மட்டும் சேர்த்து, மதுவம் இடாமல் கரைத்துக் குளிர வைத்தோம். இல்லாள் ஒரு செம்பில் அதை எடுத்துக்கொண்டு, மறந்து சென்ற உப்பையும் பொதிந்து அயல்வீட்டுக்குச் சென்றார். அந்தப் பெண்மணி முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மிடறு அருந்தினார்.

"நுரை இல்லாட்டிலும் நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றாராம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பர் பெரியோர். வாளியின் அடியிலிருந்த எண்ணை அத்தனை கவனமாகப் படித்த நாம், அயலாரின் துயரைப் படிக்க மறந்திருந்தோம். வாளி இப்பொழுது அடுக்களையில் அரிசி காத்து நிற்கிறது. மூடியிலிட்ட துளையை மட்டும் மெழுகால் அடைத்திருக்கிறோம்.