மணலில் நிற்கும் நீர்

சரசோட்டாவின் கடற்கரை விடுதிகளை விட்டுக் கிழக்கே அரைமணி நேரம் காரில் போனால் ஃபிளாரிடா வேறு ஊராகிவிடுகிறது. மயாக்கா ஆற்றையொட்டிப் பைன் மரங்கள் தொடங்குகின்றன. மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி. வெயில் தரைவரை இறங்குகிறது. கீழே முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனை படர்ந்து கிடக்கிறது. மட்டையின் விளிம்பெல்லாம் ரம்பப் பல். கவனிக்காமல் நடந்தால் காலைக் கிழித்துவிடும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மட்டம். இந்த நிலத்துக்கு அங்கே ஃபிளாட்வுட்ஸ் என்று பேர்.

நான் போனது செப்டம்பரில். பால்மெட்டோப் புதர்களுக்கு நடுவே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நிறம் பழுப்பு, ஆனால் கலங்கல் கிடையாது; அடியில் கிடக்கும் பைன் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினேன். கையில் வந்தது சுத்தமான மணல். களிமண்ணின் பிசுக்கு துளியும் இல்லை. மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது என்பது நமக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே தெரிந்த பாடம். இங்கே மணலின் மேல் நாள்கணக்காகத் தண்ணீர் நிற்கிறது. மண்ணியல்காரர்கள் இதை 'வடிகால் குறைந்த மண்' என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

என்னை அழைத்துப்போனவர் திருச்சிக்காரர். ஈரநிலம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எல்லை குறித்துக் கொடுப்பது அவர் தொழில். அவர் அளந்துகொண்டிருந்த ஒரு மாட்டுப் பண்ணையில் வண்டியை நிறுத்தினார். "மணல் தண்ணியை விடாதுன்னு யார் சொன்னா? நல்லாத்தான் விடும். விட்ட தண்ணி போக இடம் வேணுமில்ல?" என்றார்.

விடை அவ்வளவுதான். கடல் மட்டம் உயர்ந்திருந்த காலங்களில் அலைகள் பரப்பிவிட்டுப் போன மணல் இது. நூறு மீட்டர் நடந்தாலும் தரை இரண்டு மீட்டர்கூட இறங்காது; பெரும்பாலும் ஒரு சாண் இறங்கினாலே அதிகம். ஆண்டு மழை ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அடியில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலேறி நிற்கிறது. மேலே விழுவது இறங்கவும் வழியில்லை, பக்கவாட்டில் ஓடவும் சரிவில்லை.

நண்பர் ஆகரை எடுத்தார். ஆளுயரக் கம்பியின் முனையில் சிறு கூடை பொருத்திய மண் துளைப்பான் அது. மண்வெட்டி இங்கே உதவாது. ஈர மணலில் குழி தோண்டினால் சுவர் சரிந்துகொண்டே இருக்கும். நீர் தேங்காத ஒரு திட்டில் ஆகரைத் திருகித் திருகி இறக்கி, எடுத்த மண்ணைத் தார்ப்பாயில் வரிசையாக வைத்தார். முதல் ஒரு சாணுக்குள் கறுப்பும் சாம்பலும் கலந்த மணல். அடுத்து நிறம் வெளுக்கத் தொடங்கியது. இரண்டடி ஆழம் நெருங்கும்போது கூடையில் வந்தது சலவைக்குப் போட்டு எடுத்தாற்போன்ற வெள்ளை மணல். இன்னும் இரண்டு திருகு. சட்டென்று கறுப்பு! காப்பிக்கொட்டை நிறத்தில், ஈரமாக, விரலில் ஒட்டும் மணல். நடுவில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. அதற்கும் கீழே மறுபடி பழுப்பு வெளிறியது. இதற்குள் துளையில் தண்ணீர் ஊறி ஏறி, தரைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

மயாக்கா மண் என்பது இதுதான். 1989இல் ஃபிளாரிடா சட்டமன்றம் இதை மாநிலத்தின் மண்ணாக அறிவித்தது. அந்த மாநிலத்தில் 15 லட்சம் ஏக்கருக்கும் மேல் இருக்கிறது. கறுப்பு அடுக்கு எவ்வளவு ஆழத்தில் தட்டுப்படுகிறது என்பதை வைத்தே பேர் மாறும். 50 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஸ்மிர்னா, 50 முதல் 75க்குள் என்றால் மயாக்கா, அதற்கும் கீழே போனால் இமோக்கலி.

அந்தக் கறுப்பு எப்படி வந்தது? ஃபில்டர் காப்பிக்கு டிகாஷன் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பைன் ஊசியும் பால்மெட்டோ மட்டையும் மக்கி, மழைநீரில் ஊறி, கரிம அமிலமாகக் கசிகின்றன. காட்டுத் தண்ணீரின் பழுப்பு அதனால்தான். அந்த அமிலம் மணல்பரலின் மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. உரிபட்ட பரல்கள் வெறும் குவார்ட்ஸாக வெளுத்து நிற்கின்றன. நிலத்தடி நீர் ஏறி இறங்கும் ஆழத்தில் அமிலமும் அலுமினியமும் சேர்ந்து பரல்களின் மேல் படிகின்றன. அதுவே கறுப்பு அடுக்கு. இந்த அடுக்கு கெட்டிப்பட்டுத் தண்ணீரைத் தடுப்பதால்தான் நிலம் ஊறிக் கிடக்கிறது என்று பண்ணைக்காரர்கள் சொல்வதுண்டு. சில இடங்களில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதன் ஊடாகவும் தண்ணீர் நிதானமாகப் போகும். அடுக்கு தண்ணீரை நிறுத்தியதைவிட, அங்கே நின்று நின்று போன தண்ணீர் அடுக்கை உண்டாக்கியது என்பதே பொருத்தம்.

அங்கிருந்து ஒரு தாழ்வை நோக்கி நடந்தோம். தாழ்வு என்று அவர் சொன்னதால் நம்பினேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டம். "பால்மெட்டோ எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார். கோடு கிழித்தாற்போல ஓரிடத்தோடு நின்றுவிட்டது. நீண்ட நாள் வேர் மூழ்கிக் கிடந்தால் அது பிழைக்காது. கோட்டுக்கு அப்பால் புல், அதற்கும் அப்பால் சைப்ரஸ் மரங்கள். ஓரத்தில் குட்டையாகவும் நடுவில் நெடிதாகவும் வளர்ந்து, தூரத்தில் இருந்து குன்று ஒன்று எழுந்ததுபோல் தெரிந்தன. கோட்டின் இரு பக்கத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

கோட்டின் இருபுறமும் மேல்மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸைக் கொடுத்தார். வெறும் கண்ணுக்கு இரண்டும் கறுப்பு. லென்ஸில் மேட்டு மண்ணைப் பார்த்தேன்: கரித்துணுக்குகளுக்கு நடுவே கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைப் பரல்கள் ஏராளம். தாழ்வின் மண்ணில் அந்த மினுக்கமே அரிது. பரல் ஒவ்வொன்றும் கறுப்புப் பூச்சுக்குள் ஒளிந்திருந்தது. நூற்றுக்கு எழுபது பரலாவது இப்படி மூடியிருந்து, அந்தக் கறுப்பு மேல்மண்ணுக்குப் போதிய தடிமனும் இருந்தால் அது ஈரநில மண் என்பதற்கு ஓர் அடையாளம். தண்ணீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் மக்குவது மெதுவாகும். மக்காத கரிமம் பரலில் அப்பிக்கொள்ளும். மற்ற ஊர்களில் நீர் தேங்கும் மண்ணை இரும்புத் துருவின் செம்புள்ளிகளை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இந்த மணலில் இரும்பே அரிது. ஆகவே கறுப்பைத்தான் படிக்க வேண்டும். அதற்கென மன்செல் நிற அட்டைப் புத்தகம் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கிறது. சைப்ரஸ் அடிக்குப் போய் ஆகரை அழுத்தியபோது அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அங்கே புத்தகம் தேவைப்படவில்லை.

"ஏப்ரல்ல வந்திருந்தா இங்க தூசி பறக்கும்" என்றார். உண்மைதான். மழை நின்று சில மாதம் ஆனால் நிலத்தடி நீர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். மணலுக்கு ஈரம் பிடித்துவைக்கத் தெரியாது. செப்டம்பரில் மூச்சுத் திணறிய வேர்கள் ஏப்ரலில் தாகத்தில் வாடும். பிறகு கோடை மழைக்கு முந்தைய மின்னல் விழுந்து காடு எரியும். பைனின் தடித்த பட்டையும், தரையோடு கிடக்கும் பால்மெட்டோத் தண்டும் அந்தத் தீயைத் தாங்கப் பழகியவை. எரிந்த சில நாளிலேயே பச்சை துளிர்க்கும். வெள்ளம், வறட்சி, நெருப்பு மூன்றுக்கும் ஈடுகொடுப்பவைதான் இங்கே குடியிருக்க முடியும்.

மனிதர்கள் குடியிருக்க வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை வரப்பாக உயர்த்தி, அதன் மேல் மரம் நடுகிறார்கள். மனை விற்பவர்கள் ஒரு மூலையில் குளம் தோண்டி அந்த மணலை மற்ற மூலையில் கொட்டி, அதன் மேல் வீடு கட்டுகிறார்கள். திரும்பும் வழியில் பார்த்த குடியிருப்புகளில் எல்லாம் 'ஏரி' இருந்ததன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

வீடு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெயில் இதமாக இருக்கும் குளிர்காலத்தில் வருகிறார்களாம். தரை உலர்ந்து, வானம் நீலமாக, எல்லாமே அழகாக இருக்கும். அப்போதும் ஓர் ஆகரும் லென்ஸும் இருந்தால் போதும். செப்டம்பரில் தண்ணீர் எதுவரை வரும் என்பதை மண்ணே சொல்லிவிடும். விற்பவர் சொல்லாவிட்டாலும்.