இருபத்தைந்தாம் சுற்று

பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் தடத்தில் இருபத்தைந்து சுற்றுகள். இளங்கலை இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது, கல்லூரி விளையாட்டு விழாவில் அவ்வோட்டத்திற்கு நாம் பெயர் கொடுத்தோம். பயிற்சி என்று சொல்லத்தக்க எதையும் செய்திருக்கவில்லை. இளமை ஒன்றே போதும் என்னும் செருக்குத்தான் நம் கைம்முதல்.

ஊதல் ஒலித்ததும் அனைவரையும் முந்தினோம். நான்கு சுற்றுகள் வரை நாமே முன்னணி. நண்பர்களின் கரவொலி செவியில் தேனாய்ப் பாய்ந்தது. எட்டாம் சுற்றில் மூச்சு முட்டியது. பன்னிரண்டாம் சுற்றில் கால்கள் கல்லாய்க் கனத்தன. பின்னால் வந்தோர் ஒவ்வொருவராய் நம்மைக் கடந்து சென்றனர். பதினாறாம் சுற்றில் தடத்தை விட்டு விலகி, கெண்டைக்காலைப் பற்றிக்கொண்டு புல்தரையில் அமர்ந்தோம். தசைப்பிடிப்பு என்றோம். அது பொய். காலை எதுவும் பிடிக்கவில்லை. கடைசியாக வந்துவிடுவோமோ என்னும் அச்சமே நம்மைப் பிடித்திருந்தது.

உடற்கல்வி இயக்குநர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். இறுகிய தசை எது, இளகிய தசை எது என்பதை அவர் விரல்கள் அறியும். ஒன்றும் சொல்லாமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சென்றார். நம் வகுப்புத் தோழர் ஒருவரோ, எல்லாரும் ஓடி முடித்த பின்னும் தன்னந்தனியே மூன்று சுற்றுகள் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். சிலர் நகைத்தனர். அவர்களோடு நாமும் நகைத்தோம். இன்று இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

சில வாரங்களுக்குப் பின் நூலகத்தில் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தான் பற்றிப் படித்தோம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. காற்றில் உயிர்வளி குறைவு. எழுபதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டு, 57 பேரே முடித்தனர். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடங்களில் வென்றார். வழியில் விழுந்து முழங்காலில் அடிபட்ட தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, கட்டுப் போட்ட காலோடு, இருள் கவிந்து கூட்டம் கலைந்த அரங்கினுள் 3 மணி 25 நிமிடங்களில் கடைசியாக வந்து சேர்ந்தார்.

அதே ஓட்டத்தில், 1960லும் 1964லும் தங்கம் வென்ற அபெபே பிகிலா, காலில் ஏற்பட்டிருந்த காயத்தால் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் விலகினார். அவ்விலகலில் இழிவு ஏதும் இல்லை. ஆகவே, நிறுத்தியது நம் குற்றம் அன்று. நிறுத்தியதற்குச் சொன்ன காரணமே குற்றம் என்று அன்று தெளிந்தோம்.

மறுநாள் அத்தோழரிடம் சென்று நகைத்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். "அதை விடுங்கள், நாளைக் காலை ஐந்தரைக்கு மைதானத்திற்கு வாருங்கள்" என்றார் அவர். அவரிடம் கற்ற முதற்பாடம், மெதுவாகத் தொடங்குதல். தொடக்கத்திலேயே விரைந்தால் தசைகளுக்கு வேண்டிய உயிர்வளி போதாது; உடலில் சேர்ந்துள்ள மாவுச்சத்தும் விரைவில் கரையும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே பயிற்சிக்குரிய வேகம். இரண்டாம் பாடம், பிறர் முதுகைப் பாராமல் நம் மூச்சைக் கவனித்தல். மூன்றாவதை அவர் சொல்லவில்லை, நாமே கண்டோம். வலிமை ஒரு நாளில் வருவதன்று. நேற்று ஓடிய தொலைவுதான் இன்று கால்களைத் தாங்குகிறது.

அடுத்த ஆண்டும் ஓடினோம். இருபத்தைந்து சுற்றுகளையும் ஓடி முடித்தோம். இம்முறை கடைசியாக வந்தவர் நாமே!

இயக்குநர் புன்னகையோடு, "தம்பி, இந்த ஆண்டு கால் பிடிக்கவில்லையா?" என்றார்.

"இல்லை ஐயா. சென்ற ஆண்டும் பிடிக்கவில்லை" என்றோம்.

அவர் நம் தோளைத் தட்டினார். அத்தட்டலுக்கு ஈடான பரிசு எதையும் பின்னாளில் நாம் பெற்றதில்லை.

பின்னர் ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட எண்ணிய நாள்கள் பல. உடன் தொடங்கியோர் முடித்துப் பட்டம் பெற்றதைக் கண்டு, சொல்லத்தக்க சாக்கு ஒன்றை மனம் தேடிய போதெல்லாம் அந்தப் புல்தரை கண்முன் வந்தது. எழுந்து மீண்டும் எழுதினோம். காலம் கடந்தே முடித்தோம், ஆயினும் முடித்தோம்.

மாணவச் செல்வங்களே, முந்துவோரைப் போற்றுங்கள். கூட்டம் கலைந்த பின்னும் தடத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால், அவருக்காகவும் சற்றே நின்று கைதட்டிவிட்டுச் செல்லுங்கள்.