சார் கூப்பிடவில்லை

ஜூலை 18, 2021, ஞாயிறு
ராத்திரி. தி வயர் செய்தித்தளம் போட்டுவிட்டது. உலகம் முழுக்க 17 ஊடகங்கள், ஒரே நேரத்தில். பெகாசஸ் உளவு மென்பொருள். 50,000 போன் எண்கள். நம் பத்திரிகையாளர்கள் மட்டும் 40-க்கு மேல். பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். மறுபடி கீழிருந்து மேலே. சிலரோடு பிரஸ் கிளப்பில் டீ குடித்திருக்கிறேன். என் பெயர் இல்லை. நிம்மதி. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதி கசந்தது. வந்திருப்பது முழுப் பட்டியல் இல்லையே.
போன் சூடாக இருக்கிறது. சார்ஜில் கிடந்தது, அதனால்தான். அதனால்தான்.

ஜூலை 19, திங்கள்
காலையிலிருந்து மழை. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முதல் நாள். கோவிட் என்று நிருபர்களைக் குறைத்துவிட்டார்கள். வீட்டில் டி.வி.யில் பார்த்தேன். புது ஐ.டி. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், புகாரில் சாரமே இல்லை என்றார். அடுத்த பட்டியல் வந்தது. அதில் அவருடைய எண்ணும்.
சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.
சார் கூப்பிடவில்லை.

ஜூலை 20, செவ்வாய்
செவ்வாய் என்றால் காலையில் சாரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். ஒரே ரிங். சாயங்காலம் மலை மந்திர் கோயில் படிக்கட்டில் சந்திப்பு. போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை நாங்கள். ஆனால் அவர் சட்டைப்பையில் ஒரு போன், என் கைப்பையில் ஒரு போன். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாராவாரம். பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை.
வயிற்றைப் பிசைகிறது. மத்தியானம் சாப்பிடவில்லை.
ரிங் வரவில்லை.

ஜூலை 22, வியாழன்
தைனிக் பாஸ்கர், பாரத் சமாச்சார் அலுவலகங்களில் வருமான வரிச் சோதனை. கோவிட் நேரத்தில் கங்கைக் கரைப் பிணங்களை விடாமல் எழுதிய பத்திரிகை பாஸ்கர். வரி விவகாரம்தான் என்கிறார்கள்.
கும்பகோணத்திலிருந்து அம்மா. மூட்டு வலி, சர்க்கரை மாத்திரை, சித்தியோடு சண்டை. யாரோ ஒருத்தன் இதையும் உட்கார்ந்து கேட்கலாம் என்று நினைத்ததும் உடம்பு கூசியது. "அப்புறம் பேசலாம்மா" என்றேன். "எப்பப் பாத்தாலும் அப்புறம்தானாடி உனக்கு?" என்றாள். எரிந்து விழுந்தேன். பாவம் அம்மா.

ஜூலை 24, சனி
அம்னெஸ்டி ஆய்வகம் பார்த்த 67 போன்களில் 37-ல் தடயம். ஐபோனில் பழைய பதிவுகள் தங்குமாம். ஆண்ட்ராய்டில் அவ்வளவாகத் தங்காது. என்னுடையது ஆண்ட்ராய்டு. ஆக, வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்லையாம். தானாக உள்ளே நுழையும். மைக்கைத் திறக்கும், கேமராவைத் திறக்கும்.
போனை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன். நடுராத்திரி எழுந்து வெளியே எடுத்தேன். சார் கூப்பிட்டால்?

ஜூலை 27, செவ்வாய்
பத்திரிகையாளர்கள் என். ராமும் சசிகுமாரும் பெகாசஸ் விசாரணை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். எவ்வளவு தெம்பு! ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, வயிறாரச் சாப்பிட்டேன்.
ராத்திரிக்குள் தெம்பு போய்விட்டது. இன்றும் செவ்வாய். ரிங் இல்லை.
சார் கடைசியாகப் பார்த்தபோது கோயில் பிரசாதத் தாளின் பின்பக்கம் ஒரு பூட்ஸ் வரைந்து காட்டினார். அடித்தோல் எங்கே பிளக்கிறது, பனி எந்த வழியாக உள்ளே போகிறது என்று பேனா முனையால் தொட்டுத் தொட்டு. தாளை நாலாக மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "பசங்க கால் விரலும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, திங்கள்
ஆடிக் கிருத்திகை. போனை வீட்டில் வைத்துவிட்டு மலை மந்திர் போனேன். படிக்கட்டடியில் நின்றேன். கை பைக்குள் போனைத் தேடிக்கொண்டே இருந்தது.
சார் வரவில்லை. வராததே நல்லது. வந்திருக்கலாம்.
மெக்சிகோ நிருபர் செசிலியோ பினேடா. 2017 மார்ச்சில், கார் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது சுட்டார்கள். சில வாரம் முன்புதான் அவர் எண் பட்டியலில் ஏறியிருக்கிறது. போன் கிடைக்கவே இல்லை. இதை ஏன் ராத்திரியில் படித்தேன்?

ஆகஸ்ட் 5, வியாழன்
உச்ச நீதிமன்றத்தில் முதல் விசாரணை. செய்திகள் உண்மையென்றால் விஷயம் தீவிரமானது என்றார் தலைமை நீதிபதி ரமணா. "என்றால்".
பழைய ஆர்.டி.ஐ. பதிலைத் தேடி எடுத்தேன். மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவு. உள்துறைச் செயலர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு நாளைக்கு 250 முதல் 300 கோப்பு. ஒரு மனிதர் அத்தனையையும் படித்தா கையெழுத்துப் போடுகிறார்? கோபத்தில் கழுத்து நரம்பு வலிக்கிறது.
சார் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9, திங்கள்
மாநிலங்களவையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ பதில். பெகாசஸை விற்கும் என்.எஸ்.ஓ. நிறுவனத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஒரே வரி. சரி, இந்த அமைச்சகம் இல்லை. உள்துறை? ஐ.பி.? ரா? மூச்சில்லை. அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்கிறது கம்பெனி.
தூக்கம் வரவில்லை. கொசு வேறு.

ஆகஸ்ட் 17, செவ்வாய்
மத்திய அரசுக்கு நோட்டீஸ். எந்த மென்பொருள் என்று பிரமாணப் பத்திரத்தில் சொன்னால் பயங்கரவாதிகள் உஷாராகிவிடுவார்களாம். சொன்னவர் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா. நாட்டின் ரகசியத்தை யார் கேட்டார்கள்? வாங்கினீர்களா, இல்லையா? அதற்கு ஒரு சொல் போதும்.
நாடு பத்திரமாக இருக்க வேண்டும். எனக்கும் வேண்டும். பிளந்த பூட்ஸை மூடி மறைத்தால் எந்த நாடு பத்திரமாக இருக்கும்? என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகட்டும். என்னிடம் பேச வந்தவரை வாயடைக்க வைத்தார்களே, அதுதான் ஆறவில்லை.
எழுதத்தான் போகிறேன். பனிமலை வீரர்களுக்கு உடையும் பூட்ஸும் காலத்தில் போய்ச் சேரவில்லை என்று 2020-ல் சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கையே நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது எல்லோர் கையிலும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவேன். சார் சொன்ன ஒரு சொல்கூட அதில் வராது.
சார், கூப்பிடாதீங்க. நல்லா இருங்க.