பரண்மேல் ஏறிய எடை மெஷின்

உங்களிடம் சொல்வதற்கென்ன! தினமும் எடை மெஷினில் ஏறி நின்று, "ஐயோ, குண்டாயிட்டேனே!" என்று புலம்புவது என் வழக்கம். ஒரு நாள் ராத்திரி என் ஒன்பது வயதுப் பெண், "நானும் குண்டாத்தானே இருக்கேன்? எனக்குச் சாதம் வேண்டாம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாளே மெஷின் பரணுக்குப் போயிற்று.

இப்போது வாரத்தில் ஐந்து நாள், மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் அரைமணி வேக நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், கணக்கு சரியாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை இடுப்பளவு பார்க்கிறேன். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எனக்கு இன்னும் 84. இருக்கட்டுமே! மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறேன்.

பெண்ணோ, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்கிறாள்.