நீல மலர்கள்

சென்ற ஐப்பசி மாதத்து மாலையொன்றில், மழைக்கு ஒதுங்கிக் கல்லூரி நூல்நிலையத்தில் அமர்ந்திருந்த யான், சீனத்துப் பீங்கான்களைப்பற்றிய நூலொன்றைக் கையிலெடுத்தேன். உள்ளம் அமைதியற்றிருந்தது. யான் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தமையைக் கடிந்தெழுதிய தந்தையார்க்கு, அன்று காலையிலேதான் கடுஞ்சொற்கள் நிறைந்த விடையொன்றை அஞ்சலிற் சேர்த்திருந்தேன்.

அந்நூலில் ஓரிணைப் பூச்சாடிகளின் படங் கண்டேன். யுவான் வமிசத்தார் ஆட்சியில், 1351-ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற அவை, இப்பொழுது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரண்டடிக்குச் சிறிது மிகுந்த உயரம்; வெண்மைமீது நீல ஓவியம். வாயருகே செவ்வந்திக்கொடி, கழுத்தில் நிமிர்ந்த வாழையிலைகள், அதன்கீழே தாமரை, நடுவில் முகிலிடை நெளியும் வலுசர்ப்பம், அடிப்புறத்தே பியோனி மலர்கள்.

அம்மலர்களைத் தீட்டிய முறை என்னைச் சிந்திக்கச் செய்தது. சுடப்படாத வெண்களிமண் வண்ணநீரை உடனே உறிஞ்சிவிடுமாதலின், ஒருமுறை இழுத்த கோட்டைத் துடைத்தல் அரிது. பாரசீகத்தினின்று தருவித்த கோபால்ட்டு, தீட்டும்போது கருமையாகவே தோன்றும். அதன்மேற் கண்ணாடிபோன்ற பூச்சிட்டு, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பமுள்ள சூளையிற் சுட்ட பின்னரே நீலம் பிறக்கும். துடைக்கவொண்ணாத கோடு என்றதும் என் கடிதம் நினைவுக்கு வந்தது, நெஞ்சு சுட்டது.

வாழையிலைகளின் இடையே சில எழுத்துகளும் இருந்தன. சாங் வென்ஜின் என்பார், தம் குடும்பத்தார் காக்கப்படவும், தம் புதல்வரும் புதல்வியரும் அமைதியுற்று வாழவும் வேண்டி, ஒரு தூபக்கலத்தோடு இவ்விரு சாடிகளையும் கோயிலொன்றுக்கு அளித்தனர் என்பது அவற்றின் பொருள். தூபக்கலம் காணாமற் போயிற்று. தந்தையின் வேண்டுதல் மலர்களோடு நிலைத்து நிற்கின்றது.

என் தந்தையாரும் குடும்ப ஜெபத்தில் ஒருநாளேனும் என் பெயரை விட்டவரல்லர். அவருடைய சினமும் அவ்வேண்டுதலின் வழிவந்ததேயென அன்று உணர்ந்தேன். மழை விடுமுன்னே விடுதிக்கு ஓடி, தமிழை விடேனென்பதைப் பணிவுடனும், என் கடுமொழியைப் பொறுத்தருளவேண்டுமென்பதைக் கண்ணீருடனும் எழுதி அனுப்பினேன். அவ்விரண்டு கடிதங்களுள் எதனை முதலிற் படித்தாரோ, அறியேன்.

ஒரு வாரங்கழித்து விடை வந்தது. தமிழைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. "மழையில் நனையாதே, தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்றுமட்டும் எழுதியிருந்தார்.