'ஆனால்' என்ற ஒரு சொல்



இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வருபவன் நான். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9, 10 ஆம் வசனங்களை விளக்கும்போதெல்லாம், பிணங்கி நிற்போரிடையே நீதியுடன் இணக்கம் ஏற்படுத்துவது இறைக்கட்டளை என்று மாணவர்களிடம் உரத்த குரலில் சொல்வேன். அதே நான், ஒரு வாய்க்கால் மடையின் பொருட்டு என் உடன்பிறந்த அண்ணனோடு ஆறு ஆண்டுகள் பேசாதிருந்தேன். வெட்கத்துடனேயே இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு, சமாதானமும் நல்லிணக்கமும் பற்றிய ஒரு மாதப் படிப்பிற்காக இலங்கையின் மட்டக்களப்புக்குச் செல்லும் வாய்ப்பை அல்லாஹ் அளித்தான். அங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்தான். வரப்பில் நடந்தபோது நம் பாபநாசம் பகுதியில் நடப்பதாகவே தோன்றியது. பேசும் மொழியும் ஒன்றே. ஆனால் அந்த மொழியைப் பேசும் இரு சமூகங்களுக்கிடையே ஓடிய இரத்தத்தைப் பற்றி நான் அறிந்திருந்தது பாதி மட்டுமே.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷஹீதானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளம் பகுதியின் அகதி முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அந்த வெளியேற்றம் தவறு என்று புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஏற்றுக்கொண்டார். இவை அனைத்தையும் நான் அறிவேன். ஜும்ஆ உரைகளில் கண்ணீர் மல்கச் சொல்லியும் இருக்கிறேன்.

வகுப்பின் இரண்டாம் வாரத்தில் விரிவுரையாளர் ஒரு பயிற்சி கொடுத்தார். எதிர்த் தரப்பின் துயரத்தைப் பத்து நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆனால்' என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. அவ்வளவுதான்.

முதலில் எழுந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு சைவ ஆசிரியை. காத்தான்குடியைப் பற்றிப் பேசினார். ஸஜ்தாவில் இருந்தவர்களின் முதுகில் குண்டு பாய்ந்ததைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஒரு முறைகூட 'ஆனால்' என்று சொல்லவில்லை. பேசி முடித்து அமைதியாக அமர்ந்தார்.

அடுத்து என் முறை. எனக்கு அளிக்கப்பட்ட பெயர் வீரமுனை. சம்மாந்துறையை அடுத்த ஊர். 1990 ஆகஸ்ட் 12 அன்று அவ்வூர்ப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினர். காத்தான்குடிக்கும் வீரமுனைக்கும் இடையே ஒன்பதே நாட்கள். அவ்வூரின் பெயரை அந்த வாரம்வரை நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்றேன். இரண்டு நிமிடம் பேசினேன். மூன்றாம் நிமிடத்தில், "ஆனால் அதற்கு முன்பு காத்தான்குடியில்..." என்று தொடங்கிவிட்டேன். வகுப்பில் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அந்த ஆசிரியை மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 135 ஆம் வசனம் நினைவில் சுழன்றது. உங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கே, உறவினருக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அதன் கருத்து. எத்தனை முறை ஓதியிருப்பேன்! எனக்குப் பாதகமான சாட்சியம் சொல்ல வேண்டிய நேரத்தில் 'ஆனால்' என்ற ஒரு சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டேனே. நம் காயத்தை மறக்கவேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. அடுத்தவர் காயத்தைக் குறைத்துச் சொல்லாதே என்றே கேட்கிறது.

ஊர் திரும்பியதும் அந்தப் பயிற்சியை என் வீட்டு வழக்கிலேயே செய்து பார்த்தேன். அண்ணன் வயல் மேலே, என் வயல் கீழே. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தாலும் அவர் மடையை அடைத்துவிடுவார், என் நாற்று காயும். ஆறு ஆண்டுகளாக நான் ஊருக்குச் சொன்ன கதை இதுதான். அவர் கதையைச் சொல்லிப் பார்த்தேன். நான் வெளியூரில் ஓதிக்கொண்டிருந்த காலமெல்லாம் நெல் விற்றுப் பணம் அனுப்பியவர் அவர். படுக்கையில் கிடந்த அத்தாவைக் கழுவித் துடைத்தவர் அவர். பாகம் பிரித்தபோது சரிபாதி கேட்டு வாங்கியவன் நான். மார்க்கச் சட்டப்படி அது என் உரிமை. ஒரு நன்றிச் சொல்லும் சொல்லாமல் வாங்கியது என் குறை.

மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்றும், ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் நின்று ஸலாம் சொன்னேன். மேற்சொன்ன மூன்றையும் அவர் முகம் பார்த்துச் சொன்னேன். 'ஆனால்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உட்காரு தம்பி, தேத்தண்ணி போடச் சொல்றேன்" என்றார். மடையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவும் இல்லை. இப்போது பேச முடிகிறது என்பது மட்டுமே மாற்றம்.

மட்டக்களப்பு ஆசிரியைக்கு நான் பட்ட கடன் இன்னும் இருக்கிறது. வீரமுனையைப் பற்றிய மீதி எட்டு நிமிடங்களை என் மாணவர்களிடம் இவ்வாண்டு பேசி முடித்தேன். காத்தான்குடியோடு சேர்த்தே அவர்கள் அதையும் அறியட்டும்.

நமக்கு எதிராகவும் நீதியைப் பேசும் நாவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.